ஒன்பதாவது ஆடு

"ஒன்பது ஆடு வித்தீங்க. எட்டுதான் கிடைச்சிருக்கு. இன்னொண்ணு எங்கே?"

கால்நடை டாக்டர் இதோடு ஏழாவது முறையாகக் கேட்டார். ஆட்டு வியாபாரி கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

சுற்றுவட்டாரம் முழுக்க ஆட்டுக்கொல்லி நோய். ஒரு ஆடு மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகிப் படுத்தால், அடுத்த வாரம் பட்டியே காலி. இந்தக் கொட்டகையிலும் போன வாரம் ஒரு கிடா செத்திருந்தது. அதோடு நின்ற ஒன்பது ஆடுகளும் அதற்கு முன்பே விலை போய்விட்டன. வீடு வீடாக அலைந்து எட்டைக் கண்டுபிடித்து, தனியாகக் கட்ட வைத்திருந்தார் டாக்டர்.

"ஞாபகம் இல்லீங்க சார்."

"எட்டு வீட்டுக்கும் தெரு, கதவு கலர் வரைக்கும் சொன்னீங்க. இதுக்கு மட்டும் மறந்துபோச்சா?"

"வயசாகுதுல்ல சார்."

டாக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிறவருக்கு ஓர் ஆடு எம்மாத்திரம்!

"யாரோ பெரிய இடம். அதான் வாய் திறக்க மாட்டேங்கறீங்க."

"அப்படியெல்லாம் இல்ல சார். அம்மாவும் பொண்ணுமா வந்து வாங்கினாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு அந்தப் பாப்பா கேட்டுச்சு. சரின்னுட்டேன்."

"நல்லா இருக்குய்யா நியாயம்! அந்தத் தெருவுல இன்னும் எத்தனை ஆடு நிக்குதோ. உங்க வாக்கைக் காப்பாத்த அத்தனையும் சாகணுமா?"

வியாபாரி துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தார்.

"ஆட்டை என்ன சார் பண்ணுவீங்க?"

"மூணு வாரம் தனியா கட்டணும். யாரும் கிட்ட போகக் கூடாது. நோய் தொத்தியிருந்தா பிழைக்கறது கஷ்டம்தான்."

"பாப்பா அழுமே சார்."

"அழட்டும். எந்த வீட்டுப் பாப்பாவா இருந்தா என்ன, எனக்கு எல்லா வீடும் ஒண்ணுதான். சொல்லுங்க."

வியாபாரி டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆடு எதுக்கும்மான்னு கேட்டேன் சார். 'எங்கப்பா ஆடு இருக்கற வீட்டுக்கெல்லாம் போறாரு, எங்க வீட்டுக்குத்தான் ஒரு மாசமா வரல'ன்னு சொல்லுச்சு, உங்க பொண்ணு."