முதலில் அவளுக்கு

சிமியோன் ஊசி வேண்டாம் என்றான்.

பொம்மர் விமானம் போட்ட குண்டில் குருநகரில் அவனுடைய வீடு முழுதாக இறங்கியிருந்தது. கூரையின் வளைமரம் அவனுடைய இடது காலை நசுக்கியபடி கிடந்தது. அவனுடைய வலது கை இடிபாட்டுக்குள் போய், அங்கே தெரிந்த இன்னொரு கையைப் பிடித்திருந்தது.

அது அவன் மனைவி அற்புதராணியின் கை. அவளில் வெளியே தெரிந்தது அது மட்டும்தான்.

டொக்டர் பரமலிங்கம் அவனருகே முழங்காலில் இருந்தார். பக்கத்தில் டொக்டர் குணலட்சுமி, அவரைவிட வயதில் மிக இளையவள். காயக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்கு முன்பே, விழுந்த இடத்தில் நோவை எப்படி அடக்குவது என்று அந்த வாரம் டொக்டர்மாருக்கு வகுப்பெடுத்தவள் அவள்தான். பாதி வகுப்பில் எழும்பி இருவரும் ஆஸ்பத்திரி வான் வண்டியில் வந்திருந்தார்கள்.

பையில் நோவடக்கும் பெத்தடின் மருந்து இரண்டு சிறு கண்ணாடி அம்பியூல்தான் இருந்தது. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையால் மருந்து வந்து மாதங்களாகிவிட்டன.

வளையைத் தூக்க ஆட்கள் காத்து நின்றார்கள். மருந்து ஏறாமல் தூக்கினால் சிமியோன் தாங்கமாட்டான்.

"முதல் அவளுக்குப் போடுங்கோ ஐயா. போடாமல் நான் கையை விடமாட்டன்."

பரமலிங்கம் அந்தக் கையை ஒரு கணம் தொட்டார். பிறகு அம்பியூலை உடைத்தார். சிமியோன் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு துளி மிச்சமில்லாமல் அற்புதராணியின் கையில் ஏற்றினார்.

"இனி அவளுக்கு நோகாதோ?"

"நோகாது."

சிமியோன் பிடியை விட்டான். மற்ற அம்பியூல் அவனுக்குப் போனது. கண் சொருகியதும் வளையைத் தூக்கினார்கள்.

சிமியோனையும் ஏற்றிக்கொண்டு வான் புறப்பட்டபோது குணலட்சுமி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஊசி போட முதல் நாடி பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான்." பரமலிங்கம் வெளியே பார்த்தபடி சொன்னார். "இருக்கேல்லை. கை குளிர்ந்திட்டுது."

அவளுக்குக் கோபம் வந்தது. எதிரே, பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் முறிந்த கையை மடியில் வைத்து முனகிக்கொண்டிருந்தாள். வான் குழியில் விழுந்தெழும்பும்போதெல்லாம் அலறினாள். அவளுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

சிமியோன் பாதிக் கண் திறந்தான்.

"அற்புதம் என்ன செய்யிறாள்?"

பரமலிங்கம் குனிந்து வெறும் பையைப் பூட்டினார்.

சின்னத்தங்கத்தின் முனகல் நின்றது. அவள் குணலட்சுமியையே பார்த்தாள்.

குணலட்சுமி சிமியோன் பக்கம் குனிந்தாள்.

"நித்திரை கொள்ளுறா அண்ணை. நோவில்லை."