பிசிறில்லாத எதிரொலி

ராக்கபிலி இசையில் கிட்டாரின் ஒவ்வொரு ஒலியும் உடனே ஒருமுறை திரும்பிக் கேட்க வேண்டும். அதற்காக என் காலடியில் ஓர் எதிரொலிப் பெட்டி இருக்கும். இன்று ஒத்திகையில் ஒரு சுரத்தைத் தவறாக வாசித்துவிட்டேன். பெட்டி அந்தத் தவறைத் திருத்தி, சரியான சுரத்தைத் திருப்பி வாசித்தது.

எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் மச்சான் மேல்தான் எனக்குச் சந்தேகம். என்னைக் கழற்றிவிட்டுத் தன் தம்பியைச் சேர்க்க நேரம் பார்த்துக்கொண்டிருப்பவன்.

"மச்சான், பெட்டில கை வச்சியா?"

"அத நான் எதுக்குத் தொடறேன்? உனக்குக் கை தடுமாறுதுன்னா பெட்டி என்ன பண்ணும்?"

ஒயர்களைப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. இவனைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரே வழிதான். அடுத்த பாட்டில் நான் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்ததும் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

கிட்டார் கடைசிவரை ஒலித்தது. டிரம்ஸ்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மச்சான் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்குத்தான் மாப்ள, பிசிறே இல்லாம வாசிச்சிருக்க," என்றான் பாட்டு முடிந்ததும்.

நான் அவசரமாக ஒரு கம்பியை மீட்டினேன்.

முதலில் பெட்டி ஒலித்தது. அதற்குப் பிறகுதான், மெலிதாக, என் கம்பி.