ஏழாம் தாள்

பக்கத்து வீட்டு நல்லம்மாள் அவித்த மரவள்ளிக்கிழங்கோடு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் சவுந்தரம் கதவைச் சாத்தினாள். காட்டிக்கொடுத்த கையாலேயே சோறு போட வருகிறாளாம்.

"எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல, சவுந்தரம்" என்று வெளியே குரல் கேட்டது. கிழங்குத் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகும் சத்தமும் கேட்டது.

துறைமுகக் குமாஸ்தாவான அவள் புருஷன் பால்ராஜை யுத்தத்தில் ஊரைக் கைப்பற்றிய ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய் இன்றோடு நான்கு நாள். வந்தவர்கள் வீட்டைத் தேடவே இல்லை. நேரே சமையற்கட்டுக்குப் போய், விறகைத் தள்ளி, அடியில் இருந்த ரேடியோவைத் தூக்கினார்கள்.

அந்த இடம் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். சுவருக்கும் காதுண்டு என்பார்கள். சுங்கை பினாங்கில் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைச் சுவர். நல்லம்மாளை விட்டால் வேறு யார்?

ஜப்பான்காரன் தடைசெய்த லண்டன் ரேடியோச் செய்தியைக் கேட்டவன் கதி ஊருக்கே தெரியும். தான் அழுதால் பத்து வயது ஜூலியானா பயந்துவிடுவாள் என்று அழுகையை விழுங்கிக்கொண்டு, மகளின் நோட்டை எடுத்தாள் சவுந்தரம்.

அது அவளே தைத்த நோட்டு. மாதா கோயில் உபதேசியார் ஊரைவிட்டுப் போய்விட்டதால், மகளை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயார் செய்யும் பொறுப்பு தாயின் தலையில் விழுந்தது. பழைய கப்பல் ரசீதுகளின் பின்பக்கத்தைச் சேர்த்துக் கோணி நூலால் தைத்து, எண் போட்டு, தாளுக்கு ஒரு கேள்வி எழுதினாள். 'இன்று யாரிடம் கோபித்தாய்?' 'இன்று யாருக்கு உதவினாய்?'

பதில் ஜூலியானாவுடையது. சேசு பார்க்கிற நோட்டு, பொய் எழுதக் கூடாது; எழுதியதை அம்மா படிக்க மாட்டாள். அதுதான் ஒப்பந்தம்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் புதுத் தமிழ் வாத்தியார்கூட நோட்டைப் பார்த்து மெச்சி, ஒரு பொட்டலம் சீனி பரிசு கொடுத்தார். சீனியைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. மகள் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தால் சும்மாவா என்று காப்பியை உறிஞ்சியபடி பால்ராஜ் பூரித்துப்போனார். அவர் திரும்பி வந்ததும் காப்பியில் போட, மிச்சத்தைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள்.

இன்றைய கேள்வி, 'யாரை மன்னிக்க வேண்டும்?' எழுதக் கை வரவில்லை. நல்லம்மாளையா மன்னிப்பது? வெற்றுத் தாளைத் தேடிப் புரட்டியவள் நிறுத்தினாள். ஆறாம் தாளை அடுத்து எட்டாம் தாள் இருந்தது.

ஏழாவதில் தான் எழுதிய கேள்வி அவளுக்கு நினைவிருந்தது. 'அப்பாவை நினைத்து எதற்குப் பெருமைப்படுகிறாய்?'

"ஏழாம் தாள் எங்கடி?"

"வாத்தியார் கிழிச்சு வாங்கிக்கிட்டாரும்மா."

"அதுல என்ன எழுதியிருந்தே?"

"அப்பா யாருக்கும் பயப்படாம, விறகுக்கு அடியில ரேடியோ வெச்சுக் கேக்குறாருன்னு. நீங்க சொன்ன மாதிரி யார்கிட்டயும் வாயே திறக்கலம்மா. எழுத மட்டும்தான் செஞ்சேன்."

வாசலில் நல்லம்மாள் வைத்துவிட்டுப் போன கிழங்கு ஆறிக் கிடந்திருக்கும். சவுந்தரத்தின் கண் தானாக அலமாரியில் இருந்த அந்தத் துணி முடிச்சுக்குப் போனது.

ஜூலியானாவும் அதைப் பார்த்தாள்.

"அதுக்குத்தாம்மா சீனி குடுத்தாரு."