டிக்கியில் இருந்த பெட்டி

"யக்கா, அந்த சேப்புக் காரு மறுபடியும் மணல்ல பூந்துடுச்சு!"

அரசு கத்தியதும் மாரியம்மா மீன்கூடையைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"இன்னாடா இது, வாரா வாரம் ஒரே பேஜாரா கீது? அந்தாளுக்குக் கண்ணு தெரியாதா?"

இது நாலாவது ஞாயிற்றுக்கிழமை. புதுப்பட்டினத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் குப்பத்தில் ரோடு முடிகிற இடத்தில் நாலு தென்னைமரம். அதைத் தாண்டினால் கணுக்கால் புதைகிற மணல். சைக்கிளைக்கூட யாரும் அதில் இறக்க மாட்டார்கள். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கலைவாணன் தன் பெரிய காரை இறக்குவார். சக்கரம் சுற்றும், மணல் பறக்கும், வண்டி உட்கார்ந்துவிடும்.

அதற்கும் ஒரு நேரம் பார்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. பெரிய வலையைக் கரைக்கு இழுத்து முடித்து, கயிற்றில் கை வைத்த அத்தனை பேருக்கும் குழம்புக்கு மீன் பிரித்துக் கொடுக்கிற நேரம். அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எட்டுப் பேர் ஓட வேண்டும்.

தள்ளுகிறவர்களுக்கு மூச்சு முட்டும். மனுஷர் சாவகாசமாகக் கதை கேட்பார். "அக்கா, பேரனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?" "அரசண்ணே, போட் இன்ஜின் சரியாயிடுச்சா?"

"ஏசில குந்திகினு கீறவனுக்கு நம்ம கஷ்டம் இன்னா தெரியும்? நம்மள வேடிக்க பாக்க வர்றான்டா" என்றாள் மாரியம்மா. "இன்னியோட சரி. இனிமே இந்தப் பக்கமே வராதன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடு."

அரசுக்கும் அதே கடுப்புதான். விறுவிறுவென்று நடந்தான்.

கலைவாணன் காரை விட்டு இறங்கிச் சிரித்தார். "சாரிண்ணே, மறுபடியும்..."

"சிரிப்பு வேற இன்னா சார்? ஜாக்கி கீதா? டிக்கியத் தொற."

"அதெல்லாம் வேணாம்ணே. எல்லாரும் வந்தா தள்ளிடலாம்."

"நாங்க இன்னா உன் வூட்டு வேலக்காரங்களா?"

சொல்லிக்கொண்டே அரசு டிக்கியைத் தூக்கினான். உள்ளே ஒரு போர்வை. விலக்கினால் பெரிய பெட்டி. அதன் மேல் மூன்று படங்கள். முதல் படத்தில் பனியில் பாதி புதைந்த லாரி. அடுத்ததில் சக்கரத்துக்கு அடியில் பல் வைத்த பலகை. மூன்றாவதில் லாரி ஜம்மென்று ரோட்டில் நின்றது.

பெட்டியைத் திறந்தான். படத்தில் இருந்த அதே பலகைகள், இழுக்கிற பட்டைக்கயிறு, மடக்கு மண்வெட்டி. பலகையின் பல்லிடுக்கில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது.

"பனியில பொதஞ்ச லாரியவே தூக்குது. நம்ம மணலு இதுக்கு எம்மாத்தரம்? இத்த வெச்சிகினா எங்க தாலிய அறுக்குற?"

கலைவாணனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"முதல் தடவை மட்டும்தான் நிஜமா மாட்டிக்கிட்டேண்ணே. அன்னைக்கு நீங்க எல்லாரும் கூப்பிடாமலே ஓடி வந்தீங்க. அக்கா 'சாப்டியாப்பா'ன்னு கேட்டு டீ கொடுத்தாங்க. உங்களுக்கு இன்னொரு தடவை தொந்தரவு வேணாம்னு மறுநாளே இதை ஆர்டர் பண்ணிட்டேன்."

"அப்பால?"

"வேலை செய்யுதான்னு ஒரு புதன்கிழமை மத்தியானம் இங்கேயே வந்து போட்டுப் பார்த்தேன். அஞ்சே நிமிஷம். வண்டி வெளிய வந்துடுச்சு. கரையில ஒருத்தரும் இல்ல. அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன்."

குனிந்து சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"அம்மா போனதுக்கப்புறம் வீட்ல நான் மட்டும்தான். வேலையும் வீட்ல இருந்தே. சில வாரம், போன ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட பேசினதுக்கு அப்புறம் இந்த ஞாயித்துக்கிழமைதான் ஒரு ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுவேன். தப்புதான்ணே. இனிமே வரல."

திட்டுவதற்கென்று வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அரசுவுக்கு மறந்தே போயின. என்னவோ போலிருந்தது அவனுக்கு.

மாரியம்மா ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னாடா, டிக்கில எதுனா கீதா?"

கலைவாணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அரசு போர்வையை இழுத்துப் பெட்டியை மூடினான். டிக்கியை டமாரென்று சாத்தினான்.

"ஒண்ணியும் இல்லக்கா, ஸ்டெப்னி டயருதான் கீது. வாங்க, ஆளுக்கொரு கை போடுங்க!"

எட்டுப் பேர் தள்ளினார்கள். கலைவாணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இந்த முறை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கார் ரோட்டுக்கு ஏறியது.

அரசு ஜன்னலோரம் போய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டான்.

"சார், இன்னொரு வாட்டி இந்த மணல்ல வண்டிய எறக்குன, நல்லா இருக்காது. சொல்லிட்டேன்."

"சரிண்ணே" என்றார் கலைவாணன்.

"வர்ற ஞாயித்துக்கிழம ரோட்டு மேலயே நிறுத்திட்டு நடந்து வா. காலையில ஆறு மணிக்கெல்லாம் வந்துடணும். வலை இழுக்க ஒரு ஆளு கொறையுது. கயித்துல கைய வெச்சா உனுக்கும் கொழம்புக்கு மீனு உண்டு."

கலைவாணன் நிமிர்ந்து பார்த்தார். தலையை வேகவேகமாக ஆட்டினார்.

கார் கண்ணுக்கு மறைகிற வரை பொறுத்திருந்து மாரியம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"ஏன்டா, அந்தாளை வராதன்னு சொல்லச் சொன்னா வெத்தலபாக்கு வெச்சு அழைக்கிற? வலைக்கு ஆளு வேணுங்கறதுக்கு மேலயே கீது. நமக்கு எங்கடா கொறையுது?"

"நமக்குக் கொறையலக்கா" என்றான் அரசு. "அவருக்குத்தான் கொறையுது."