முதல் கோச்

பிளக்ஸில் அந்த மூஞ்சியைப் பார்த்ததும் பஞ்சம்மாள் காறித் துப்பினாள். கம்பத்தில் பாராட்டு விழா நடக்கும் மண்டபத்து வாசலில் அதைக் கட்டியிருந்தார்கள். மகள் அனுசுயா பந்தோடு சிரிக்க, அவளை ஒட்டி வேல்பாண்டியும் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, ‘வீராங்கனையை உருவாக்கிய முதல் கோச்’ என்று கொட்டை எழுத்து.

விழா நடத்தும் கால்பந்து கிளப்பின் செயலாளர் ஜெய்லானியைப் பிடித்து, இவன் படத்தை யார் போடச் சொன்னது என்று கேட்டாள். அனுசுயாதான் சொன்னதாகவும், படத்தைக்கூட அவளே அனுப்பியதாகவும் அவர் சொன்னார். வேல்பாண்டிக்குத் தன் கையால் மாலை போட்ட பிறகுதான் தனக்குப் பாராட்டெல்லாம் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம்.

பஞ்சம்மாள் உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் முகாமில் கோச்சாக இருந்துகொண்டு, அனுசுயாவை ராத்திரி தன் அறைக்குத் தனியாக வரச் சொன்னவன் இந்த வேல்பாண்டி. அவள் போகவில்லை. மறுநாள் அணியில் அவள் பெயர் இல்லை. அதோடு விட்டானா? பிள்ளைக்கு நடத்தை சரியில்லை, அதனால்தான் திருப்பி அனுப்பினேன் என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லிவைத்தான். அவள் அப்பா ஒச்சாண்டி டீக்கடைப் பக்கம் போவதையே நிறுத்தினார். வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. அப்புறம் ரொம்ப நாள் அவர் இருக்கவில்லை.

அவர் காரியம் முடிந்த கையோடு அனுசுயா டென்மார்க்குக்குக் கிளம்பினாள். முன்பு கேரளாவுக்கு ஆடப் போனபோது பழகிய தோழி ஒருத்தி அங்கே ஒரு சின்ன கிளப்பில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தாள். பகலில் ஓட்டலில் பாத்திரம் கழுவினாள். பொழுது சாய்ந்தால் பனியில் பந்தை உதைத்தாள். மொழி தெரியாத ஊரில் முதல் வருஷம் முழுக்க அவளை பெஞ்சில்தான் உட்காரவைத்தார்கள்.

அடுத்த வருஷம், தோற்கிற ஆட்டம் ஒன்றில் போனால் போகிறதென்று கடைசி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். கோல் போட்டாள். அதற்குப் பிறகு அவளை உட்காரவைக்க யாருக்கும் மனசு வரவில்லை. பெரிய கிளப் கூப்பிட்டது. பாத்திரம் கழுவுவது நின்றது. வருஷங்கள் ஓடி அந்த நாட்டுக் குடியுரிமையும் வந்தது.

எங்கிருந்து உனக்கு இவ்வளவு வெறி என்று பஞ்சம்மாள் ஒருமுறை போனில் கேட்டாள்.

“ஒவ்வொரு தடவையும் அவன் மூஞ்சியத்தான் ஆத்தா ஒதைக்கிறேன்” என்றாள் மகள்.

அப்படிச் சொன்னவள்தான் இன்றைக்கு மாலை போடப்போகிறாளா?

மகள் பேர் பெரிதானதும், அவளைக் கண்டெடுத்ததே நான்தான் என்று வேல்பாண்டி சொல்லத் தொடங்கியிருந்தான். பழனிசெட்டிபட்டியில் பெண்பிள்ளைகளுக்கென்று அகாடமி திறந்து, வாசலில் அவள் படத்தையே பெரிசாக மாட்டினான். பிள்ளைகள் திரண்டு வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நாளாக அது பூட்டிக் கிடக்கிறது. ஆள் மலையேறி, குமுளி தாண்டிக் கேரளாவுக்குள் ஏதோ போட்டிக்குப் போயிருப்பதாகப் பேச்சு.

அனுசுயா லீவில் வந்து இறங்கிய மறுநாளே அந்த அகாடமிப் பிள்ளைகள் சிலர் தாய்மாரோடு வீட்டுக்கு வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். படம் எடுத்துக்கொள்ள வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பஞ்சம்மாள் டீ போட்டாள். போகும்போது ஒரு பிள்ளை முகத்தில்கூடச் சிரிப்பு இல்லை.

மண்டபம் நிறைந்துவிட்டது. வேல்பாண்டி எல்லாரும் வந்த பிறகு, கேரளா நம்பர் போட்ட காரில் வந்து இறங்கி நேரே மேடைக்குப் போனான். மைக்கைக் கொடுத்ததும் பேசினான். அந்தக் காலத்தில் தான் கண்டிப்பாக இருந்ததால்தான் இந்தப் பிள்ளை இந்த உயரத்துக்கு வந்தது என்றான். கூட்டம் கைதட்டியது.

அனுசுயா மாலையை விரித்து அவன் கழுத்தில் போட்டாள். போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிடவும் செய்தாள்.

பஞ்சம்மாளால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். மேடையேறுவதற்காகக் கழற்றுகிறாள் என்று நினைத்து ஜெய்லானி மரியாதையாக வழிவிட்டார். ஒச்சாண்டியின் வாடிய முகம் ஒன்றுதான் அவள் கண்ணில் நின்றது. யார் தடுத்தாலும் அவன் கன்னத்தில் ஒன்றாவது வைக்காமல் திரும்புவதில்லை.

மேடைப் படியில் அனுசுயா இறங்கி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுடி. ஒங்கப்பனக் கொன்னவனுக்கு மாலையா?”

அனுசுயா பிடியை விடாமல் மேடையின் மறுபக்கத்தைப் பார்த்தாள். அதுவரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள், சாதாரணப் பருத்திச் சேலையில், அந்தப் பக்கப் படி வழியாக ஏறிப் போய் வேல்பாண்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக நின்றார்கள். ஒருத்தி அவன் காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். வேல்பாண்டியின் சிரிப்பு காணாமல் போனது. இறங்கப் பார்த்தான், அவள் அவன் கையைப் பிடித்திருந்தாள்.

“அவுக போலீஸு ஆத்தா” என்றாள் அனுசுயா மெதுவாக. “நம்ம வீட்டுக்கு வந்துச்சுகளே, அந்தப் பிள்ளைக குடுத்த புகாரு. கேஸுன்னு தெரிஞ்சதும் கேரளாவுக்குள்ள ஓடிப்போயி ஒளிஞ்சிக்கிட்டான்.”

பஞ்சம்மாள் செருப்பைக் கீழே போட்டாள். “அதுக்கு எதுக்குடி இவனுக்கு மாலை?”

“மாலை போடுறேன்னாத்தான் ஆத்தா, மலையிறங்கி வருவான்.”