துருவுக்கு அஞ்சு வருஷம்

"துருவைப் பத்திப் படிக்க அஞ்சு வருஷமா?" என்றார் அப்பா, சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே.

"ஆமாம்ப்பா. கடலோரப் பாலங்கள்ல கான்கிரீட்டுக்குள்ள இருக்கற கம்பி எப்படித் துருப்பிடிக்குதுன்னு..."

"மழையில ஒரு ஆணியைப் போட்டு வை. அஞ்சு நாள்ல தெரிஞ்சுடும்."

அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். இருபத்தெட்டு வருடமாக இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியுமாகப் பிழைப்பு. துருவைச் சுரண்டுவார்கள், திட்டுவார்கள். அதைப் போய் யாராவது படிப்பார்களா என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

மகளுக்குப் பெயிண்ட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குப் போகிறேன் என்று ஒரு வாரமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. வருகிறாளா, இல்லையா என்று இன்று இரண்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும். அதற்காகவே லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா தலையாட்டாமல் போக அவளுக்கு மனசில்லை. அவரும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆட்டுகிற திசைதான் சரியில்லை.

"முடிச்சிட்டு வர்றப்ப முப்பத்திரெண்டு வயசு. அதுக்கப்புறம் எவன் வேலை தருவான்? இவ்ளோ படிச்சவங்க எங்களுக்கு வேண்டாம்னு திருப்பி அனுப்புவான். பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கிட்டு வீட்டுல உட்கார வேண்டியதுதான்."

மகள் உதவிக்கு அம்மாவைப் பார்த்தாள். அம்மா மும்முரமாகத் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பாவை வரச் சொல்லியிருக்கேன்," என்றாள்.

மகளுக்குப் பகீரென்றது. பெரியப்பா இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேச ஆரம்பித்தால் எதிராளி கையெழுத்துப் போடும்வரை ஓயமாட்டார். அவள் கல்லூரியில் சேர்ந்தபோதே, 'பொண்ணுக்கு எதுக்கு இந்த அமிலமும் இரும்பும்?' என்று வீடு தேடி வந்து சத்தம் போட்டவர்.

"அப்பா ஒருத்தர் போதாதாம்மா?" என்றாள் பரிதாபமாக.

அழைப்பு மணி அடித்தது. பெரியப்பா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன தம்பி, உன் பொண்ணு வேலையை விடறாளாமே? பைத்தியமா பிடிச்சிருக்கு அவளுக்கு?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"துருவைப் பத்தி அஞ்சு வருஷமாம். கேட்டா ஊரே சிரிக்கும்," என்றார் பெரியப்பா.

"ஏன் சிரிக்கணும்?" என்றார் அப்பா. "ஒரு பாலம் உட்கார்ந்துட்டா அப்ப சிரிப்பாங்களா? உள்ள கம்பி அரிச்சுப் போயிருக்கும், வெளியே ஒண்ணும் தெரியாது. அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கறது சின்ன விஷயமாண்ணே?"

மகள் திறந்த வாயை மூடவில்லை. நேற்று அவள் சொன்னதுதான், ஒரு வார்த்தை மாறவில்லை. அவள் சொன்னபோது அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"சரி, முடிச்சா வேலை? போன மாசம் ஒரு டாக்டரேட் என்கிட்டயே ஏஜென்டா சேர வந்தான்."

"அவன் எதுல வாங்கினானோ. இவளுக்குக் கப்பல் கட்டறவன், பாலம் கட்டறவன், பெயிண்ட் காய்ச்சறவன்னு ஆயிரம் பேர் இருக்கான். யாரும் வரலேன்னா என் பட்டறை இருக்கு. அங்க உட்கார்ந்து துருவுக்கு மருந்து கண்டுபிடிக்கட்டும்."

"முப்பத்திரெண்டு வயசாயிடும்டா."

"படிக்கலேன்னா ஆகாதா?"

அம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

பெரியப்பா விடவில்லை. "நம்ம வீட்டுல யாரும் படிக்காத படிப்பு. நமக்கெல்லாம் ஒத்து வராது. மூத்தவன் சொல்றேன், கேளு. வேண்டாம்."

அப்போதுதான் அப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"உங்க பையனுக்குப் படிப்பு ஏறலை. அந்த வயித்தெரிச்சல்ல என் பொண்ணையும் நிறுத்தப் பார்க்கறீங்க."

பெரியப்பாவின் முகம் ஒரு கணம் சுருங்கிப் போனது. மகளுக்கே பாவமாக இருந்தது.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கவில்லை.

"மணி என்ன?"

"ஒண்ணே கால்ப்பா."

"ரெண்டு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே போன் பண்ணி வர்றேன்னு சொல்லு. இவர் காதுல விழற மாதிரி சொல்லு."

சொன்னாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததில், தன் பெயரைச் சொல்லவே இரண்டு முறை தடுமாறினாள். போனை வைத்ததும் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். சாப்பிட்ட கை அவள் மேல் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு அண்ணனைப் பார்த்தார் அவர்.

"என்னமோ பண்ணித் தொலைங்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார் பெரியப்பா.

மகள் பின்னாலேயே ஓடினாள்.

"பெரியப்பா, அப்பா கோவத்துல அண்ணன் படிப்பைப் பத்தி ஏதோ சொல்லிட்டார். மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் கடைசிப் படியில் நின்று வீட்டுக் கதவை அண்ணாந்து பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதை விடும்மா. உங்கம்மாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. நீ ஹாஸ்டல்ல தங்கறதுக்கும் நான் வந்து கூடாதுன்னு கத்தணுமா, இல்ல அதை அவங்களே பார்த்துக்குவாங்களா?"