கீழ்வீட்டு வைஃபை

துப்பறியும் அதிகாரி கதவின் குமிழில் கை வைத்தார். கொலைகாரன் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

படம் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அவள் வழக்கம்போல் குதிகாலால் தரையில் ஓர் இடி இடித்தாள். இடித்தால் ஓடும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் பல தடவை ஓடியிருக்கிறது.

இன்று ஓடவில்லை.

பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. வாரத்தில் ஐந்தரை நாள் ஊரார் பல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவளுக்குச் சனிக்கிழமை மதியம்தான் சொந்தப் பொழுது. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பழைய லேப்டாப்பை ஒயரால் டிவியோடு இணைத்து, காலை நீட்டி உட்கார்ந்தால், மூன்று கொலையாவது விழாமல் எழுந்திருக்க மாட்டாள்.

பக்கத்தில் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். முதல் கொலைக்கே தூங்கிவிடுவார். சத்தம் நின்றால் மட்டும் விழித்துக்கொள்வார்.

இப்போதும் விழித்துக்கொண்டார். "யாரு செத்தது?"

"நெட்டு."

லேப்டாப்பின் மூலையில் வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தாள். எப்போதும் முதலில் நிற்கும் பெயரைக் காணவில்லை. அந்த இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து, டாக்டர் சீட்டு மாதிரி வாயில் நுழையாத ஒரு புதுப் பெயர். பக்கத்திலேயே ஒரு பூட்டுப் படம்.

காலையிலிருந்து கீழே சுவரில் துளை போடும் சத்தம் ஏன் கேட்டது என்று இப்போதுதான் புரிந்தது.

வைஃபை கீழ்வீட்டுடையது. கீழ்வீட்டுக்காரியோடு நல்ல பேச்சுவார்த்தை இருந்த காலத்தில் அவளே வந்து பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு ஒருநாள் படிக்கட்டில் வார்த்தை தடித்தது. இரண்டு பேரும் சொல்லக்கூடாததைச் சொன்னார்கள். அதோடு சரி. நாலு வருடமாக எதிரெதிரே வந்தால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், இன்னொருத்தி தன் செருப்பைப் பார்ப்பாள்.

பேச்சு நின்றதே தவிர வைஃபை நிற்கவில்லை. அவள் நிறுத்தவுமில்லை, இவள் வேண்டாம் என்று சொல்லவுமில்லை. முகத்தில் முழிக்காதவள் வீட்டு நெட்டில் படம் பார்க்கிறோமே என்று எப்போதாவது உறுத்தும். அடுத்த பிணம் விழுந்ததும் அது மறந்துபோகும்.

"கட் பண்ணிட்டாங்க போல," என்றார் கணவர். "இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேளேன்."

"கேக்கறதுக்கு நான் அவளுக்கு யாரு?"

ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். கோபப்பட ஒன்றுமில்லை. இத்தனை நாள் விட்டுவைத்ததே பெரிது. திங்கட்கிழமை நமக்கென்று தனியாக ஒரு கனெக்‌ஷன் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

முடிவு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்காமல் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொலைகாரன் யார் என்று தெரியாமல் போனதால்தான் அப்படி என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

நெட் கம்பெனி ஆள். தோளில் வளையம் வளையமாக ஒயர். மாடி ஏறி வந்ததில் மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், இங்க சிக்னல் வருதான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. கீழ புதுப் பெட்டி மாட்டியிருக்கேன். பழைய பெட்டியே அந்த வீட்டுக்குத் தாராளம். சொன்னா கேட்டாத்தானே. மேல படம் நின்னு நின்னு ஓடுது, மாடி வரைக்கும் நல்லா எட்டற மாதிரி போட்டுக் குடுங்கன்னு மூணு வாரமா ஆபீசுக்கு ஃபோன் மேல ஃபோன்."

அவள் தன் குதிகாலைக் குனிந்து பார்த்தாள்.

கணவர்தான் கேட்டார், "பாஸ்வேர்ட் என்னப்பா?"

"நானும் கேட்டேன் சார். அவங்களே அடிச்சுக்கிட்டாங்க, என்கிட்ட சொல்லல. 'முதமுதல்ல மடியில வாங்கின தேதி, தங்கச்சிக்குத் தெரியும்'னு மட்டும் சொல்லச் சொன்னாங்க."

கணவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். அதில் திடீரென்று பார்க்க நிறைய இருந்தது.

அவள் லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பள்ளிச் சான்றிதழில் இருக்கிற தேதி இல்லை அது. அதற்கு மூன்று நாள் கழித்து, அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து இவளைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, ஏழு வயதுப் பெண்ணைச் சுவரோரம் சாய்ந்து உட்காரச் சொல்லி, அவள் மடியில் கிடத்திய தேதி. அதுவரை இவள் பிறந்ததாகவே கணக்கில்லை என்று அக்கா அடித்துச் சொல்வாள். வருடா வருடம் மூன்று நாள் தள்ளித்தான் வாழ்த்துவாள். தப்பு என்று யார் சொன்னாலும், 'உங்களுக்கு என்ன தெரியும், அன்னிக்குத்தான் எனக்கு வந்தா' என்பாள்.

அந்த அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் அதிகம் பார்த்துக்கொண்டது என்றுதான் இரண்டு பேரும் படிக்கட்டில் நின்று சண்டை போட்டார்கள்.

எட்டு எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசி எண் கொஞ்சம் கலங்கித் தெரிந்தது.

பூட்டு விலகியது. சிக்னல் கோடுகள் முழுக்க ஏறி நின்றன.

"வருதா மேடம்? கீழ போய்ச் சொல்லணும்."

"நீங்க இருங்க," என்று அவள் எழுந்தாள். "வருதுன்னு நானே போய்ச் சொல்லிக்கறேன்."

செருப்புகூடப் போட்டுக்கொள்ளாமல் படி இறங்கினாள்.